கடலடி நிலத்துக்குள் எட்டிப் பார்த்தவர்: மாரிஸ் யூயிங்கின் கதை

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் தண்ணீர். அதுக்குக் கீழே சேறு. சேற்றுக்கும் கீழே கிலோமீட்டர் கணக்கில் மண்ணும் பாறையும். இந்த இடத்தில்தான் துளை போடணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இன்று அதற்கென்று பெரிய கப்பல்கள் இருக்கின்றன, சூப்பர் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஆனா 1930களின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரைக்குக் கீழே சில நூறு அடி மண்தான் இருக்கிறதா, பல ஆயிரம் அடி இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது.

அதை அளந்து பார்க்கலாம் என்று கிளம்பியவர் அமெரிக்க இயற்பியலாளர் மாரிஸ் யூயிங். கையில் டைனமைட், வீட்டிலேயே செய்த மாதிரியான சில கருவிகள், சம்பளம் பெரிதாக இல்லாத சில மாணவர்கள். அவ்வளவுதான் அவருடைய முதலீடு. அவர் படித்துச் சொன்ன கடலடிப் படுகைகளில் சில பின்னாளில் உலகின் எரிபொருள் கணக்கையே மாற்றின. அவர் தவறாகப் படித்த இடமும் ஒன்று உண்டு. அதைத் திருத்தியதும் அவரே சேர்த்து வைத்த தரவுதான்.

யார் இந்த யூயிங்?

வில்லியம் மாரிஸ் யூயிங் பிறந்தது 1906 மே 12 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லாக்னி என்ற சிற்றூரில். கடலுக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வறண்ட சமவெளி, விவசாயக் குடும்பம். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் பிழைத்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் மூத்தவர் இவர்.

16 வயதில் உதவித்தொகை பெற்று ஹூஸ்டனில் உள்ள ரைஸ் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை செலவுக்குப் போதவில்லை. இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். விடுமுறைக் காலத்தில் எண்ணெய் தேடும் குழுக்களோடு லூசியானாவின் ஆழமில்லாத ஏரிகளில் வேலை செய்தார். தரையில் வெடி வைத்து, அதிர்வு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்த்து, கீழே உப்புப் பாறை இருக்கிறதா என்று சொல்லும் தொழில் அது. பின்னாளில் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலையின் விதை இங்கேதான் விழுந்தது.

கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்க்கும் குணம் அவருக்கு அப்போதே இருந்தது. நிலா வெளிச்சத்தில் பனித்துளிகளில் தெரியும் வானவில் போன்ற வளைவைப் பற்றி 1926இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். அவருடைய முதல் வெளியீடு அதுதான். 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குள் பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர் வேலையும் கிடைத்திருந்தது.

வீடு தேடி வந்த கேள்வி

1934 நவம்பரில் இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் ரிச்சர்ட் ஃபீல்ட். மற்றவர் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையைச் சேர்ந்த வில்லியம் பவி. அவர்களிடம் ஒரு புதிர் இருந்தது.

கரையிலிருந்து கடலுக்குள் போனால் தரை உடனே ஆழமாகிவிடாது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு மெதுவாகச் சரியும். அதன் பிறகுதான் சட்டென்று ஆழ்கடலுக்குள் இறங்கும். மெதுவாகச் சரியும் அந்தப் பகுதிக்குக் கண்டத்திட்டு என்று பெயர். புதிர் இதுதான்: அந்தத் திட்டு எதனால் ஆனது? கண்டத்தின் கெட்டிப் பாறையே அங்கே உடைந்து முடிகிறதா? இல்லை, ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே மலைபோலக் குவிந்திருக்கிறதா?

இரண்டும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நிலத்தில் பயன்படுத்தும் அதிர்வு முறையைக் கடலுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றார் யூயிங். அமெரிக்க நிலவியல் கழகம் 2,000 டாலர் கொடுத்தது.

பைபாஸ் கணக்கு

இந்த முறையைப் புரிந்துகொள்ள ஒரு சாலைக் கணக்கு போதும். ஒரு ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு பைக்குகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று கடைத்தெரு வழியாக நேராகப் போகிறது. தூரம் குறைவு, ஆனா வேகமும் குறைவு. இன்னொன்று ஊருக்கு வெளியே போய் பைபாஸ் ஏறுகிறது. சுற்றுவழிதான், ஆனா வேகமாகப் போகலாம். போகிற இடம் பக்கத்தில் இருந்தால் கடைத்தெரு பைக் ஜெயிக்கும். தூரமாக இருந்தால் பைபாஸ் பைக் முந்திவிடும்.

எந்தத் தூரத்தில் பைபாஸ் பைக் முந்த ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால், பைபாஸ் ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பூமிக்குள் அதிர்வு போவதும் அப்படித்தான். தளர்வான வண்டலில் அலை நொடிக்கு 2 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில்கூடப் போகும். இறுகிய படிவுப் பாறையில் 3, 4 கிலோமீட்டர். கீழே இருக்கும் கெட்டியான அடித்தளப் பாறையில் 5 முதல் 6 கிலோமீட்டர். ஓரிடத்தில் வெடி வைத்து, வெவ்வேறு தூரங்களில் அதிர்வு எப்போது வந்து சேர்கிறது என்று குறித்தால், எந்தத் தூரத்தில் ஆழத்து அலை முந்துகிறது என்பது தெரியும். அதிலிருந்து அடித்தளப் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

கணக்கு எளிது. கடலில் செய்வதுதான் கஷ்டம். அலையில் ஆடும் கப்பலிலிருந்து கருவிகளைக் கடல்தரையில் இறக்க வேண்டும். வெடிமருந்தோடு சிறு படகுகளில் தள்ளிப் போக வேண்டும். வெடித்த கணத்தை நொடியின் சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாகப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்தால் கருவி போச்சு.

12,000 அடி வண்டல்

1935 கோடையில் அளவைத் துறையின் கப்பலிலும், அக்டோபரில் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் அட்லான்டிஸ் கப்பலிலும் வேலை நடந்தது. இடம், வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால். நிலத்தில் அளந்த கோட்டை அப்படியே கடலுக்குள் நீட்டி, கண்டத்திட்டின் விளிம்புவரை போனார்கள்.

விடை தெளிவாக வந்தது. கெட்டிப் பாறை கரையிலிருந்தே சரிந்து சரிந்து ஆழத்துக்குப் போகிறது. அதன் மேல் வண்டல், ஆப்பு மாதிரி, கடலை நோக்கிப் போகப் போகத் தடிமனாகிறது. திட்டின் விளிம்பருகே அதன் தடிமன் சுமார் 12,000 அடி. அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். கண்டத்திட்டு என்பது ஆறுகள் கட்டிய மேடை என்பது தெரிந்துவிட்டது. 1937இல் முடிவுகள் வெளியாயின.

இவ்வளவு தடிமனான படிவு என்றால் எண்ணெய்க்கு வாய்ப்பு உண்டு. எண்ணெய் உருவாக வேண்டுமானால், செத்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்து, மேலே மேலே வண்டல் அழுத்தி, ஆழத்து வெப்பத்தில் வேக வேண்டும். ஆழமான படிவுப் படுகை இல்லாமல் அது நடக்காது.

அதனால் எண்ணெய் நிறுவனம் ஒன்றிடம் யூயிங் ஆய்வுக்கு உதவி கேட்டார். நடுக்கடலில் செய்யும் வேலையால் பங்குதாரர்களுக்கு ஒரு பயனும் இல்லை, அவர்களுடைய பணத்தில் ஒரு சல்லிக்காசு தர முடியாது என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. நிலத்திலேயே தோண்ட வேண்டியது நிறைய இருந்த காலம் அது.

ஆனா அடுத்து நடந்தது வேற கதை. 1947இல் மெக்சிகோ வளைகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தோண்டிய கிணறு ஒன்றில் எண்ணெய் வந்தது. கடல் எண்ணெய்த் தொழில் அங்கிருந்து வேகம் எடுத்தது. யூயிங்கின் விண்ணப்பம் திரும்பி வந்து சுமார் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

சமையலறையில் ஒரு ஆய்வகம்

இரண்டாம் உலகப் போர் வந்தபோது யூயிங் உட்ஸ் ஹோலில் கடற்படைக்காக வேலை செய்தார். கடலில் குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் ஒலி சிதறாமல், குழாய்க்குள் போவதுபோல நூற்றுக்கணக்கான மைல் பயணிக்கும் என்று கணித்து, சோதனை செய்தும் காட்டினார். விபத்தில் கடலில் விழுந்த விமானிகளைக் கண்டுபிடிக்க இது உதவும் என்பது அன்றைய எண்ணம். நீர்மூழ்கிக் கப்பல்களை ஒட்டுக்கேட்கவும் இந்த அறிவு பின்னர் பயன்பட்டது.

போர் முடிந்ததும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1949இல், நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரைக் குன்றின் மேல் இருந்த லமான்ட் குடும்பத்தின் மாளிகை பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக வந்தது. அதில்தான் லமான்ட் புவியியல் ஆய்வகம் தொடங்கியது. செல்வந்தர் வீட்டுச் சமையலறை வேதியியல் ஆய்வகமாக மாறியது.

மாணவர்களும் சகாக்களும் அவரை டாக் என்று கூப்பிட்டார்கள். நாள் கிழமை பார்க்காமல் வேலை செய்பவர். மற்றவர்களும் அப்படியே இருக்கணும்னு எதிர்பார்ப்பவர். அதற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று முறை திருமணம் செய்தார். முதல் இரண்டும் விவாகரத்தில் முடிந்தன.

நாளுக்கு ஒரு சேற்றுத் தூண்

ஆய்வகத்துக்குச் சொந்தமாக ஒரு கப்பல் வேண்டும் என்று 1953இல் வேமா என்ற மூன்று பாய்மரக் கப்பலை வாங்கினார்கள். ஒரு பணக்காரரின் உல்லாசப் படகாக 1923இல் கட்டப்பட்டது அது. யூயிங்கின் கையில் வந்ததும் ஆண்டு முழுவதும் உலகக் கடல்களைச் சுற்றும் வேலைக்காரக் கப்பலாக மாறிவிட்டது. 1981இல் ஓய்வு பெறுவதற்குள் 10 லட்சம் மைலுக்கும் மேல் ஓடியிருந்தது.

கப்பலுக்கு ஒரு விதி போட்டார். எங்கே இருந்தாலும், தினமும் ஒரு இடத்தில் நின்று கடல்தரைக்குள் குழாயை இறக்கி, சேற்றுத் தூண் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் சுவாரசியமாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆழம், காந்தப்புலம், ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் போகிற வழியெல்லாம் பதிவு செய்துகொண்டே போக வேண்டும். எதற்குப் பயன்படும் என்று அப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வை என்பதே அவர் கொள்கை.

1954 ஜனவரியில் அந்தக் கப்பலிலேயே அவர் உயிர் போயிருக்கும். அட்லாண்டிக்கில் புயல். மேல்தளத்தில் எண்ணெய் பீப்பாய்கள் கட்டு அவிழ்ந்து உருண்டன. அவற்றைக் கட்டப் போன நான்கு பேரை ஒரு பேரலை கடலுக்குள் அடித்துக்கொண்டு போனது. யூயிங், அவர் தம்பி ஜான், கப்பல் அதிகாரிகள் இரண்டு பேர். கப்பல் திரும்பி வந்து மூன்று பேரைக் காப்பாற்றியது. முதன்மைத் துணை அதிகாரி இறந்துபோனார். யூயிங்கின் உடலில் ஒரு பக்கம் சில காலம் செயலிழந்தது. அதன் பிறகு கடைசிவரை சற்று நொண்டித்தான் நடந்தார். ஆனாலும் கடலுக்குப் போவதை நிறுத்தவில்லை.

எதிரொலியில் வரையும் படம்

1950களிலும் 60களிலும் முறை மாறியது. பைபாஸ் கணக்கில் ஒரு குறை உண்டு. ஓர் இடத்தை அளக்கப் பல மணி நேரம் ஆகும். அடுத்த இடம் வரை நடுவில் என்ன இருக்கிறது என்பது ஊகம்தான்.

அதற்குப் பதில் எதிரொலியைப் பயன்படுத்தினார்கள். கப்பல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். சில நிமிடத்துக்கு ஒரு சிறு வெடி. பிற்காலத்தில் வெடிக்குப் பதில் அழுத்தக் காற்றைச் சட்டென்று விடும் காற்றுத் துப்பாக்கி. ஒலி கடல்தரையில் பட்டு ஒரு எதிரொலி வரும். கொஞ்சம் ஒலி உள்ளே புகுந்து அடுத்த அடுக்கில் பட்டு இன்னொரு எதிரொலி. அதற்கும் கீழே இன்னொன்று. எல்லாவற்றையும் காகிதத்தில் வரிசையாகப் பதிந்தால், கேக்கைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல அடுக்குகள் தெரியும். கடலில் இந்தக் கருவியை உருவாக்கி ஓட்டியதில் தம்பி ஜான் யூயிங்கின் பங்கு பெரியது.

படம் கிடைத்துவிட்டது என்பதற்காக விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. காரணம், காகிதத்தில் இருப்பது ஆழம் கிடையாது, நேரம். ஓர் அடுக்கின் எதிரொலி, கடல்தரை எதிரொலிக்குப் பிறகு ஒரு நொடி கழித்து வருகிறது என்று வையுங்கள். நடுவில் உள்ள மண்ணில் ஒலியின் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர் என்றால், போய்வர ஒரு நொடி, ஆக அடுக்கு 1 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. வேகம் 3 கிலோமீட்டர் என்றால் அதே அடுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே. வேகத்தைத் தப்பாக எடுத்தால் தட்டையான அடுக்குகூட வளைந்த மாதிரி தெரியும்.

அதனால் படுகையைப் படிப்பவர்கள் பல கேள்விகளைக் கேட்பார்கள். அடுக்குகள் சமமாகப் போகின்றனவா? அப்படின்னா வண்டல் அமைதியாகப் படிந்திருக்கிறது. ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, பக்கத்தில் இறங்கித் தொடர்கிறதா? அங்கே பிளவு இருக்கிறது. ஒரு மேட்டின் பக்கவாட்டில் அடுக்குகள் சும்மா வந்து முட்டி நிற்கின்றனவா? மேடுதான் முதலில் இருந்தது, வண்டல் பிறகு வந்தது. அடுக்குகள் மேட்டோடு சேர்ந்து மேல்நோக்கி வளைந்திருக்கின்றனவா? வண்டல் படிந்த பிறகுதான் மேடு கீழிருந்து எழுந்திருக்கிறது.

யார் முதலில், யார் பிறகு என்ற இந்த வரிசைதான் ஒரு படுகையின் வரலாறு.

வளைகுடாவின் நடுவில் விசித்திரக் குன்றுகள்

இப்படிப் படித்ததில் யூயிங் குழுவுக்குப் பெரிய புதிராக நின்றவை மெக்சிகோ வளைகுடாவின் நடுவில் இருக்கும் சிக்ஸ்பீ குன்றுகள். மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், மேசைபோலச் சமதளமான கடல்தரையில், திடீரென்று சில மேடுகள். வேமா 1954இல் அவற்றைப் பதிவு செய்தது. பிறகு எடுத்த எதிரொலிப் படங்களில், சுற்றியுள்ள வண்டலைத் துளைத்துக்கொண்டு ஏதோ ஒன்று கீழிருந்து எழுந்தது தெரிந்தது.

அது எது? எரிமலைப் பாறை உருகி மேலே வந்திருக்கலாம். இல்லைன்னா உப்பு.

உப்பு எப்படி எழும் என்று கேட்கலாம். உப்புப் பாறை மேல் பல கிலோமீட்டர் வண்டல் அழுத்தும்போது, அந்த வண்டல் இறுகி உப்பைவிடக் கனமாகிவிடும். உப்போ நீண்ட காலத்தில் பிசைந்த மாவுபோல நகரக்கூடியது. கனமானது கீழே இறங்க, லேசானது மேலே பிதுங்கும். இப்படித் தூண்போல எழுவதை உப்புக் குவிமாடம் என்பார்கள். லூசியானா ஏரிகளில் யூயிங் மாணவராக இருந்தபோது தேடிய அதே பொருள். குவிமாடம் எழும்போது பக்கத்து அடுக்குகளையும் வளைத்துத் தூக்கும். அந்த வளைவுகளில் எண்ணெய் வந்து தேங்கும்.

கரையோரத்தில் உப்புக் குவிமாடங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆழ்கடல் நடுவில் உப்பு என்றால்தான் சிக்கல். கெட்டியான உப்புப் படிவம் உருவாக, கடல்நீர் வெயிலில் வற்ற வேண்டும். மூன்றரைக் கிலோமீட்டர் ஆழமான கடல் எப்படி வற்றும்? உப்புதான் என்றால், இந்தப் படுகை ஒரு காலத்தில் உப்பளம் மாதிரி வற்றி வற்றி நிரம்பிய கடலாக இருந்திருக்க வேண்டும். படுகையின் முழு வரலாற்றையும் மாற்றி எழுத வேண்டும்.

யூயிங்கும் அவருடைய பழைய மாணவர் ஜோ வொர்ஸலும் உப்பு என்ற பக்கம் நின்றார்கள். ஆனா எதிரொலிப் படத்தை வைத்து எவ்வளவு வாதாடினாலும், ஒரு துளை போட்டுப் பார்த்தால்தான் வழக்கு முடியும்.

1968: துளை சொன்ன தீர்ப்பு

வாய்ப்பு வந்தது. ஆழ்கடல் துளையிடும் திட்டம் என்ற பெரிய ஆய்வு முயற்சிக்காக குளோமார் சேலஞ்சர் என்ற கப்பல் கட்டப்பட்டிருந்தது. 1968 ஆகஸ்டில் அதன் முதல் பயணத்துக்கு யூயிங்கும் வொர்ஸலும் கூட்டுத் தலைமை விஞ்ஞானிகள். யூயிங்குக்கு அப்போது 62 வயது.

சிக்ஸ்பீ குன்றுகளில் ஒன்றின் மேல் கப்பல் நின்றது. பிற்பாடு அதற்குச் சேலஞ்சர் குன்று என்றே பெயர் வந்தது. தண்ணீரின் ஆழம் சுமார் 3,570 மீட்டர். கடல்தரைக்குக் கீழே 140 மீட்டர் சொச்சம் துளைத்தார்கள். மேலே வந்த பாறைத் துண்டில் ஜிப்சம், கந்தகம், சுண்ணக் கனிமம். உப்புக் குவிமாடத்தின் தலையில் தொப்பிபோல இருக்கும் மூடுபாறை அது. அதில் எண்ணெய் ஊறியிருந்தது.

யூயிங்கின் வாசிப்பு சரி. வளைகுடாவின் ஆழ்பகுதிக்குக் கீழேயும் உப்பு இருக்கிறது, அது ஜுராசிக் காலத்தில், 16 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்தது என்பது பின்னர் உறுதியானது. ஆழ்கடலிலும் எண்ணெய் இருக்கக்கூடும் என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. இன்று அந்த வளைகுடாவில் 2,000 மீட்டருக்கும் ஆழமான நீரில் எண்ணெய் எடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் நடந்தது. கட்டுப்படுத்தும் வசதி இல்லாத ஆய்வுக் கப்பல், அழுத்தத்தோடு தேங்கிய எண்ணெயில் துளை போட்டிருந்தால் பெரிய ஆபத்து. அதன் பிறகு ஒவ்வோர் இடத்தையும் முன்கூட்டியே பரிசீலித்து, எண்ணெய் தேங்கக்கூடிய இடங்களைத் தவிர்க்க ஒரு பாதுகாப்புக் குழு வைத்தார்கள்.

எங்கே தவறினார்?

அதே காலத்தில் இன்னொரு பெரிய விவாதத்தில் யூயிங் தவறான பக்கம் இருந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பதை அவர் நெடுங்காலம் நம்பவில்லை.

கடல்கள் பூமியளவு பழையவை, அவற்றின் தரையில் பூமியின் முழு வரலாறும் வண்டலாகக் கிடக்கும் என்று எதிர்பார்த்தவர் அவர். ஆனா அவருடைய கருவிகளே வேறு சொல்லின. ஆழ்கடல் நடுவில் வண்டல் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பல நூறு கோடி ஆண்டு வண்டல் எங்கே போனது? கடல்தரை இளமையானது என்பதுதான் விடை. நடுக்கடல் மலைத்தொடரில் புதுத் தரை பிறந்து இரு பக்கமும் விலகிக்கொண்டே இருக்கிறது.

1966இல் லமான்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் வால்டர் பிட்மன் கையில் கிடைத்த காந்தப் பதிவு, மலைத்தொடரின் இரு பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்தது. தரை விலகுவதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1967இல் யூயிங் சகோதரர்கள் பாதி தூரம் வந்தார்கள். தரை விலகுகிறது, ஆனா விட்டு விட்டு நடக்கிறது என்று வண்டலின் தடிமனை வைத்து எழுதினார்கள். அந்த இடைவேளைக் கருத்து நிலைக்கவில்லை.

அவர் ஆய்வகத்தில் நடந்த இன்னொரு கதையும் இதோடு சேர்ந்தது. நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் வரைபடத்தில் முதலில் கவனித்தவர் மேரி தார்ப். பெண் என்பதால் அவருக்கு நெடுங்காலம் கப்பலில் ஏற அனுமதியே இல்லை. மற்றவர்கள் கொண்டுவந்த எண்களை வைத்து மேசையில் உட்கார்ந்து வரைந்தார். அவரோடு வேலை செய்த புரூஸ் ஹீசனுக்கும் யூயிங்குக்கும் பின்னர் முட்டிக்கொண்டது. அந்தச் சண்டையில் தார்ப்புக்கு ஆய்வக வேலை போனது. வீட்டிலிருந்தே வரைபடத்தை முடித்தார். யூயிங்கின் சாதனைகளைப் பட்டியலிடும்போது இதை விட்டுவிட முடியாது.

கடைசிப் பயணம்

நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1972இல் யூயிங், தானே கட்டி எழுப்பிய ஆய்வகத்தை விட்டு வெளியேறினார். 66 வயதில் சொந்த மாநிலமான டெக்சஸுக்குப் போய், கால்வெஸ்டனில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1973இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. 1974 மே 4 அன்று, மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் இறந்தார். 68ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அவர் இறந்த பிறகும் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதலில் அளந்த அமெரிக்கக் கிழக்குக் கரையில், சில இடங்களில் வண்டல் 10 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் என்பது நவீனக் கருவிகளில் தெரிந்தது. 12,000 அடி என்பது தொடக்கம்தான். அங்கே 1970களின் இறுதியில் எண்ணெய் நிறுவனங்கள் பெரிய நம்பிக்கையோடு கிணறுகள் தோண்டின. லாபம் தரும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தடிமனான படுகை என்பது வாய்ப்பு மட்டும்தான். எண்ணெய் ஊறும் பாறை, அது தேங்கும் பாறை, மேலே மூடி, சரியான நேரத்தில் உருவான வளைவு எல்லாம் ஒன்றாக அமைந்தால்தான் அது எண்ணெய் வயல்.

தினமும் ஒன்று என்று அவர் எடுத்து வைக்கச் சொன்ன சேற்றுத் தூண்களுக்கும் வேலை வந்தது. பனியுகங்கள் ஏன் வந்து போகின்றன என்பதற்கு, பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே காரணம் என்று 1976இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. அதற்கு ஆதாரம், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த இரண்டு சேற்றுத் தூண்கள். அவற்றில் ஒன்றை எடுத்தது லமான்ட் ஆய்வகத்தின் இன்னொரு கப்பலான ராபர்ட் கான்ராட்.

கடலடிப் படுகையைப் படிப்பவர்கள் இன்றும் அவர் செய்ததைத்தான் செய்கிறார்கள். வெடிக்குப் பதில் காற்றுத் துப்பாக்கி, காகிதத்துக்குப் பதில் முப்பரிமாணத் திரை. ஒரே எதிரொலியை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்ற சிக்கல் மட்டும் போகவில்லை. அதனால்தான் பதிவை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். படித்தவர் தவறியிருந்தாலும், அடுத்து வருபவர் அதையே எடுத்துத் திரும்பப் படிக்கலாம். யூயிங் விஷயத்தில் நடந்தது அதுதான்.